ஆங்கில வகுப்புக்கு ரிவிஷன்: வாசிப்பு, எழுத்து, இலக்கணம் – எங்கிருந்து தொடங்குவது?

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அல்லது நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் ஓர் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பப் பார்த்துவிடலாம் என்று இலக்கணப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறக்கிறீர்கள். முதல் பாடம் 'நவுன்'. ஏற்கெனவே தெரியும். அடுத்தது 'ப்ரோநவுன்'. அதுவும் தெரியும். மூன்றாம் நாள் 'அட்ஜெக்டிவ்' பாதியில் இருக்கும்போது வேறு வேலை வந்து புத்தகம் மூடப்படுகிறது. அடுத்த தடவை திறந்தால் திரும்பவும் 'நவுன்'. இப்படிப் பெயர்ச்சொல்லை மட்டும் கரைத்துக் குடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறும் இடம் புத்தகத்தின் நடுவில் எங்கேயோ இருக்கும். அந்தப் பக்கம் போவதற்குள் நாள் முடிந்துவிடும்.

ஆகவே ரிவிஷனைப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் தவறுகளிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு யோசனையை எப்படிச் செயலில் கொண்டுவருவது என்பதைத்தான் சொல்லப்போகிறது. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சிவப்பு மையைத் தேடுங்கள்

பழைய விடைத்தாள், வீட்டுப்பாட நோட்டு, ஆசிரியர் திருத்திக் கொடுத்த கட்டுரை, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஐந்தாறு தாள் போதும். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், சிவப்பு மை பட்ட இடங்களை மட்டும் பாருங்கள்.

ஒரு புதிய நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நீங்கள் எழுதியது. இரண்டாவதில் சரியான வடிவம். மூன்றாவதில் ஏன் தவறு என்பது, உங்கள் சொந்தச் சொற்களில், தமிழிலேயே. மூன்றாவது பத்திதான் முக்கியம். அதை நிரப்ப முடியாத இடங்களில்தான் உங்களுக்குப் பாடம் தேவை. அந்தப் பாடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள்.

எல்லாத் தவறுகளையும் எழுதி முடித்ததும் வகை பிரியுங்கள்: வினைச்சொல், ஆர்ட்டிக்கிள், பிரிபொசிஷன், ஸ்பெல்லிங், வாக்கிய அமைப்பு. என்னிடம் படித்த ஒரு பெண் தன் ஆறு தாள்களைக் கொண்டுவந்து, "எனக்கு இங்கிலீஷே வராது சார், எல்லாமே தப்பு" என்றாள். உட்கார்ந்து எண்ணினோம். நாற்பதுக்கும் மேற்பட்ட சிவப்புக் கோடுகள். வகை பிரித்தபோது நான்கே வகை. அதிலும் பாதிக்கு மேல் ஒரே தவறு: 'டிட் நாட்' போட்ட பிறகு இறந்தகால வினையை எழுதியிருந்தாள். நாற்பது தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு நான்கு பாடம்தான் பாக்கி என்று தெரிந்ததும் முகமே மாறிவிட்டது.

பழைய தாள் எதுவும் இல்லையா? சரி, இன்றே ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று அகராதி பார்க்காமல் பதினைந்து வரி ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் திருத்தித் தரச் சொல்லுங்கள். நேற்று நடந்ததைச் சொல்லும்போது இறந்தகாலம், இடம், நேரம், ஆர்ட்டிக்கிள் எல்லாம் தானாக வந்துவிடும். எது ஆடுகிறது என்று உடனே தெரியும்.

திரும்பப் படிப்பதும் நினைவிலிருந்து எடுப்பதும்

ரிவிஷன் என்றதும் பலர் செய்வது, குறிப்பை மறுபடி மறுபடி வாசிப்பது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மனம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு சிறு உரைப்பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அதிகம் சொன்னார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை. ஆகையால் இனி வரும் ஒவ்வொரு படியிலும் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்யும் ஒரு வேலை இருக்கும். அதைத் தவிர்க்காதீர்கள், அங்கேதான் பலன் இருக்கிறது.

இலக்கணம்: வினைச்சொல்லை முதலில் பிடியுங்கள்

இலக்கணத்தில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், என் பதில் எப்போதும் வினைச்சொல். ஒரு வாக்கியத்தில் ஆர்ட்டிக்கிள் விட்டுப்போனாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். காலம் மாறிப்போனால் கதையே மாறிவிடும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ் இலக்கணம் நம் நாக்கில் இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்கு எதிரியாக வைக்காமல் துணைக்கு வைத்துக்கொண்டால் பல விதிகள் சட்டென்று விளங்கும்.

'ஹி கோ', 'ஷி ரீட்' என்று 'எஸ்' விட்டுப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் படிக்கிறேன், படிக்கிறாய், படிக்கிறான், படிக்கிறாள், படிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. 'அவன் படிக்கிறேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம், காதுக்கே பொறுக்காது. ஆங்கிலத்திலும் முன்பு இப்படி விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்தன. சாதாரண நிகழ்காலத்தில் எஞ்சி நிற்பது அவன், அவள், அது என்ற மூன்றுக்கும் வரும் அந்த ஒற்றை 'எஸ்' மட்டும்தான். நம் 'ஆன்', 'ஆள்' விகுதியின் இடத்தில் அது நிற்கிறது என்று நினைத்துக்கொண்டால் விடத் தோன்றாது.

அடுத்தது அந்தப் பெண் செய்த தவறு: 'ஐ டிட் நாட் வென்ட்'. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: போகவில்லை. இதில் 'போனேன்' எங்கே இருக்கிறது? இல்லை. காலம் காட்டாத 'போக' என்ற வடிவம்தான் இருக்கிறது, மறுப்பை 'இல்லை' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் அதே கணக்கு. காலத்தை 'டிட்' சுமக்கிறது, மறுப்பை 'நாட்' சுமக்கிறது, மூன்றாவதாக வருவது வெறும் 'கோ'. 'போக' என்றால் 'கோ', அவ்வளவுதான். கேள்விக்கும் இதே விதி: 'டிட் யூ கோ?' 'டஸ்' வந்தாலும் இதே விதி: 'ஷி டஸ் நாட் ரீட்'. 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்' மேல் ஏறிவிட்டது, 'ரீட்' மேல் மறுபடி ஏறாது.

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது இன்னொரு பழைய தொல்லை. 'ஹேவ் சீன்' என்பதற்குப் 'பார்த்திருக்கிறேன்' என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். 'அவரை முன்பு பார்த்திருக்கிறேன்' என்று இயல்பாகச் சொல்கிறோம். நேற்று என்று நாளைக் குறித்துச் சொல்லும்போது 'நேற்றுப் பார்த்தேன்' என்றுதானே வாயில் வருகிறது? ஆங்கிலத்தில் அது கண்டிப்பான விதி. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ போன்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் இருந்தால் சாதாரண இறந்தகாலம்தான்: 'ஐ சா ஹிம் எஸ்டர்டே'.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'படிக்கிறேன்' என்ற ஒரே சொல்லை, தினமும் படிப்பதற்கும் இந்த நிமிடம் படித்துக்கொண்டிருப்பதற்கும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: 'ஐ ரீட்', 'ஐ ஆம் ரீடிங்'. இந்தப் பிரிவு நமக்கு இயல்பாக இல்லாததால் 'ஐஎன்ஜி'யை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் ஹிம்' எல்லாம் அப்படி வந்தவை. இருப்பது, தெரிவது, பிடிப்பது, புரிவது, நம்புவது போன்றவை செயல்கள் இல்லை, நிலைகள். அவற்றுக்குப் பொதுவாக 'ஐஎன்ஜி' வராது: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்', 'ஐ நோ ஹிம்'.

ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலை 'கோ, வென்ட், கான்' என்று பாட்டாக ஒப்பிப்பதில் தவறில்லை. ஆனால் ஒப்பித்ததோடு நிறுத்தினால், எழுதும்போது அந்தச் சொல் வராது. ஒவ்வொரு வினைக்கும் உங்களைப் பற்றிய உண்மையான ஒரு வாக்கியம் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து வினை போதும்.

ஆர்ட்டிக்கிளும் பிரிபொசிஷனும்

தமிழில் ஆர்ட்டிக்கிள் கிடையாது. ஆனால் கதை சொல்லும்போது 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு' என்று சொல்கிறோம் அல்லவா? முதல் தடவை 'ஒரு', இரண்டாம் தடவை 'அந்த'. கேட்பவருக்கு இன்னும் தெரியாத ஒன்றை முதன்முதலில் சொல்லும்போது 'எ' அல்லது 'ஆன்', எது என்று தெரிந்துவிட்ட பிறகு 'தி'. பாதிக்கு மேற்பட்ட இடங்களுக்கு இந்த ஒரு சூத்திரம் போதும். சூரியன்போல ஒன்றே ஒன்று இருப்பதற்கும் 'தி' வரும்: 'தி சன்'. தண்ணீர், நேர்மை போன்று எண்ண முடியாதவற்றைப் பொதுவாகச் சொல்லும்போது எதுவும் வேண்டாம்.

'எ'யா 'ஆன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காதால் முடிவு செய்யுங்கள். 'அவர்' என்று ஒலிக்கும் மணி என்ற சொல் 'எச்' எழுத்தில் தொடங்கினாலும் அ ஒலியில் ஆரம்பிப்பதால் 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்கினாலும் ய ஒலியில் ஆரம்பிப்பதால் 'எ யூனிவர்சிட்டி'.

பயிற்சி இப்படி: பாடப்புத்தகத்திலிருந்து பத்து வரியை எல்லா ஆர்ட்டிக்கிளையும் விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள். பிறகு ஒப்பிடுங்கள். மாறிப்போன இடம் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டு மூன்றாவது பத்தியில் எழுதுங்கள். கோடிட்ட இடம் நிரப்பும் ஐம்பது கேள்வியைவிட இது அதிகம் கற்றுத்தரும். காரணம், இங்கே கோடே இருக்காது. ஆர்ட்டிக்கிள் எங்கே வர வேண்டும் என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிபொசிஷன் என்பது நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது, ஆனால் பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், நம் 'இல்' ஒன்றே வீட்டில், மேசையில், வாசலில் என்று மூன்று இடத்துக்கும் போகும். ஆங்கிலம் மூன்று சொல் கேட்கும்: உள்ளே என்றால் 'இன்', மேற்பரப்பு என்றால் 'ஆன்', ஒரு புள்ளி என்றால் 'அட்'. நேரத்துக்கும் இதே வரிசை. ஆண்டு, மாதம் என்ற பெரிய பரப்புக்கு 'இன்', நாளுக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'.

'டிஸ்கஸ் அபவுட் தி ப்ராப்ளம்' என்று எழுதுவதும் தமிழ் வழக்கத்தால்தான். 'பிரச்சினையைப் பற்றி' என்று நினைத்து 'அபவுட்' போடுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' என்பதிலும் 'பேக்' தேவையில்லை. இப்படிப்பட்ட சொற்களுக்கு விதி தேடி அலையாதீர்கள். சொல்லையும் அதன் துணையையும் சேர்த்தே ஒரே சொல்போல எழுதிப் பழகுங்கள்: 'லிசன் டு', 'டிபென்ட் ஆன்', 'குட் அட்'.

செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றங்களை வகுப்பில் போதிய அளவு செய்திருப்பீர்கள். உங்கள் தவறு நோட்டில் அவை இல்லையென்றால் தாண்டிப் போகலாம். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை. தமிழில் 'வருகிறேன் என்று சொன்னான்' என்கிறோம். அவன் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே வைத்து 'என்று' சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ஆளும் காலமும் சொல்பவர் பக்கத்துக்கு மாற வேண்டும்: 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்'.

வாசிப்பு: வினையைத் தேடிப் பிடிப்பது

பேசேஜ் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதியில் பலரும் சொல்லும் குறை, "வார்த்தை தெரியவில்லை". உண்மையில் பல நேரம் வார்த்தை தெரிந்தும் வாக்கியம் புரிவதில்லை. தமிழ் வாசகருக்கு முக்கியமான செய்தி கடைசியில் வந்து பழக்கம், வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடுகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வாலாக நீள்கிறது. எதிர்பார்க்கும் இடத்தில் தேடியது கிடைக்காததால் நீளமான வாக்கியத்தில் தொலைந்துபோகிறோம்.

ஒரு வாக்கியத்தைக் கையிலெடுத்துப் பார்ப்போம்:

'ஆல்தோ தி பிரிட்ஜ் ஹேட் பீன் ரிப்பேர்ட் ட்வைஸ், தி வில்லேஜர்ஸ் ஹூ யூஸ்ட் இட் எவ்ரி டே டிட் நாட் ட்ரஸ்ட் இட்.'

இதில் வினைபோலத் தெரிபவை மூன்று: 'ஹேட் பீன் ரிப்பேர்ட்', 'யூஸ்ட்', 'டிட் நாட் ட்ரஸ்ட்'. முதலாவது 'ஆல்தோ' என்ற சொல்லின் பிடியில் இருக்கிறது, தனியாக நிற்க முடியாது. இரண்டாவதற்கு முன்னால் 'ஹூ' இருக்கிறது. அது ஊர்மக்களைப் பற்றிய விளக்கம். நம் பெயரெச்சம், 'பயன்படுத்திய' என்பதுபோல. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. எஞ்சி நிற்பது 'டிட் நாட் ட்ரஸ்ட்'. அதுதான் முதன்மை வினை. யார் நம்பவில்லை? ஊர்மக்கள். எதை? 'இட்', அதாவது பாலத்தை. இப்போது வாக்கியம் தானே விரிகிறது: பாலம் இரண்டு முறை பழுதுபார்க்கப்பட்டிருந்தும், அதை அன்றாடம் பயன்படுத்திய ஊர்மக்கள் அதை நம்பவில்லை.

இதே வாக்கியத்தில் கேள்விகள் எப்படி வரும் என்றும் பாருங்கள். 'எத்தனை முறை பழுதுபார்த்தார்கள்?' என்பதற்கு விடை வரியிலேயே இருக்கிறது. 'பாலம் முன்பு பழுதடைந்திருந்ததா?' என்றால், வரியில் இல்லை, ஆனால் பழுதுபார்த்தார்கள் என்பதிலிருந்து ஆம் என்று சொல்லலாம். இது ஊகித்துச் சொல்லும் கேள்வி. 'பாலம் இடிந்து விழுந்ததா?' என்றால், அதற்கு இந்த வரியில் ஆதாரமே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், வித்தியாசம் ஆதாரத்தில் இருக்கிறது. விடை எழுதும் முன் எந்தச் சொல்லை வைத்து இதைச் சொல்கிறேன் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று உங்களையே கேளுங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் கற்பனை.

பேசேஜ் முழுவதற்கும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேள்விகளை ஒருமுறை பாருங்கள். பிறகு பேசேஜை நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு நகருங்கள், அகராதியைத் தொடாதீர்கள். இரண்டாம் முறை பாராவுக்குப் பாரா நின்று, ஓரத்தில் நான்கைந்து சொல்லில் அந்தப் பாராவின் செய்தியை எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் சரிதான். 'ஹவ்எவர்', 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'தேர்ஃபோர்' போன்ற சொற்களை வட்டமிடுங்கள். எழுதியவர் எங்கே திரும்புகிறார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும். குறிப்பாக 'ஹவ்எவர்' வந்தால் அதற்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அவர் சொல்ல வந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' என்று அடித்துச் சொல்லும் விடைகளை இன்னொரு முறை சந்தேகத்தோடு பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததை மூன்று வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் கண்தான் படித்திருக்கிறது.

கோடு போட்ட சொற்களில் எதையெல்லாம் அகராதியில் பார்ப்பது? எல்லாவற்றையும் வேண்டாம். பேசேஜில் இரண்டு தடவைக்கு மேல் வந்ததையும், அது இல்லாமல் பாராவே புரியாமல் போனதையும் மட்டும் பாருங்கள். மற்றவற்றை முன்னும் பின்னும் இருக்கும் சொற்களை வைத்து ஊகித்துப் பழகுங்கள். தேர்வில் உங்களிடம் இருக்கப்போவது அந்தத் திறமைதான்.

எழுத்து: எழுதுவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை

கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். தலைப்பு கொஞ்சம் மாறினாலும் மனப்பாடம் செய்தது பொருந்தாது. நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்ததும் வராது. மனப்பாடத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைச் சொந்தமாக ஒரே ஒரு பாரா எழுதுவதற்குக் கொடுத்தால் போதும்.

எழுதும் முன் ஐந்து நிமிடம் பேனாவால் குறிப்பு மட்டும் போடுங்கள்: என்ன சொல்லப்போகிறேன், அதற்கு இரண்டு காரணம், ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பாராவுக்கு ஒரு கருத்து. அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடிதம், மின்னஞ்சல் என்றால் எதற்காக எழுதுகிறீர்கள் என்பது முதல் வரியில் வர வேண்டும், மற்றபடி அமைப்பை வகுப்பில் சொன்னபடி எழுதினால் போதும்.

இப்போது ஒரு பாராவைத் திருத்திப் பார்ப்போம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் வழக்கமாக எழுதும் மாதிரி ஒன்று:

'லாஸ்ட் சண்டே ஐ வென்ட் டு லைப்ரரி. தேர் ஐ சீ மை ஸ்கூல் டீச்சர், ஷி டிட் நாட் ரெகக்னைஸ்ட் மி. ஐ டோல்ட் ஹெர் மை நேம், ஷி ஸ்மைல்ட் அண்ட் ஆஸ்க்ட் தட் வாட் ஆர் யூ டூயிங்.'

என்ன சொல்ல வருகிறார் என்பது தெளிவாகவே புரிகிறது. அது நல்ல விஷயம், அடித்தளம் இருக்கிறது. ஒரே வாசிப்பில் எல்லாத் தவறையும் பிடிக்க முயன்றால் பாதி தப்பிவிடும். அதனால் சல்லடையை மாற்றி மாற்றிச் சலிக்க வேண்டும்.

முதல் முறை வினைகளை மட்டும் பாருங்கள். 'வென்ட்' சரி. 'சீ' தவறு, போன ஞாயிறு நடந்தது, 'சா' என்று வர வேண்டும். 'டிட் நாட் ரெகக்னைஸ்ட்' என்பதில் காலம் இரண்டு முறை வந்துவிட்டது, 'ரெகக்னைஸ்' போதும். இரண்டாம் முறை ஆர்ட்டிக்கிள்: எந்த நூலகம் என்று எழுதுபவர் மனத்தில் இருக்கிறது, 'டு தி லைப்ரரி'. மூன்றாம் முறை வாக்கிய எல்லைகள். இங்கேதான் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. 'டீச்சர், ஷி' என்றும் 'நேம், ஷி' என்றும் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டியிருக்கிறார். தமிழில் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன்' என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு வினைமுற்று வந்தால் போதும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கமாவை இழுக்கிறோம். ஆனால் 'சா', 'ஸ்மைல்ட்' எல்லாம் வினைமுற்றுகள். இரண்டு வினைமுற்று வாக்கியங்களுக்கு இடையில் கமா மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், அல்லது 'அண்ட்', 'பட்', 'வென்' போன்ற ஓர் இணைப்புச் சொல் வேண்டும். கடைசியாக, கேள்வியை அயற்கூற்றாக்கும்போது 'தட்' வராது, சொல் வரிசையும் சாதாரண வாக்கியம்போல மாற வேண்டும்.

சலித்து முடித்தபின் பாரா இப்படி நிற்கும்:

'லாஸ்ட் சண்டே ஐ வென்ட் டு தி லைப்ரரி. ஐ சா மை ஸ்கூல் டீச்சர் தேர், பட் ஷி டிட் நாட் ரெகக்னைஸ் மி. வென் ஐ டோல்ட் ஹெர் மை நேம், ஷி ஸ்மைல்ட் அண்ட் ஆஸ்க்ட் மி வாட் ஐ வாஸ் டூயிங்.'

கடைசிச் சல்லடை பெரிய எழுத்துக்கும் நிறுத்தக்குறிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் நம் கண் அதைத் தேடாது. வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம், 'நான்' என்ற பொருளில் வரும் 'ஐ' ஆகியவற்றை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

திருத்திய பிறகு தாளைக் கவிழ்த்து, அதே பாராவை மறுபடி நினைவிலிருந்து எழுதுங்கள். பழைய தவறு திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான். வந்தால் கவலைப்படாதீர்கள், நோட்டில் அந்தத் தவறுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த தவறுதான் நாளைய முதல் பாடம்.

ஸ்பெல்லிங் பற்றிக் கொஞ்சம்

தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. அதற்கு வரலாறு இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல உறைந்துபோனது. பேச்சோ மாறிக்கொண்டே இருந்தது. வீரனைக் குறிக்க நாம் 'நைட்' என்று சொல்லும் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'கே' ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்ட எழுத்து. ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. அதனால் ஸ்பெல்லிங்கைக் காதை நம்பி எழுதாமல் கையால் பழக வேண்டும். சொல்லைப் பாருங்கள், மூடுங்கள், எழுதுங்கள், திறந்து சரிபாருங்கள். உங்கள் தாளில் நீங்களே தவறாக எழுதிய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், அச்சிட்ட பட்டியல் வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு கணக்கு

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த உடனே வரும் மணிகளில் மறதி வேகமாக இருக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே இன்று படித்ததை நாளை ஒருமுறை தொட வேண்டும், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும், ஆனால் புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

நாளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் தவறு நோட்டின் இரண்டாவது, மூன்றாவது பத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு, முதல் பத்தியில் இருப்பதைத் திருத்திச் சொல்வது. அடுத்த இருபது நிமிடம் அன்றைய ஒரு பாடம். கடைசிப் பத்து நிமிடம் அந்தப் பாடத்தைப் பயன்படுத்தி ஐந்து வாக்கியம், உங்கள் வாழ்க்கையில் நடந்தவற்றைப் பற்றி. முதல் வாரத்தில் வினைகள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசேஜ், நடுவில் ஆர்ட்டிக்கிளும் பிரிபொசிஷனும். மூன்றாம் வாரத்தில் புதிய பாடம் எடுக்காதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு வினாத்தாள் இரண்டு எழுதுங்கள், மற்ற நாள்களில் அவற்றைத் திருத்துங்கள். ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு படிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கூடப் படிப்பவர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. தாளை மாற்றிக்கொண்டு திருத்துங்கள். தன் தாளில் கண்ணுக்குத் தெரியாத தவறு அடுத்தவர் தாளில் பளிச்சென்று தெரியும். ஒரு நிபந்தனை: சரியானதை எழுதிக் கொடுக்கக் கூடாது. தவறு இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட வேண்டும். கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை.

தேர்வு அறையில் கடைசி ஏழெட்டு நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தில் விடைத்தாளை முழுவதும் வாசிக்க முடியாது. அதனால் உங்கள் நோட்டில் அதிகப் புள்ளி வாங்கிய தவறு எதுவோ அதை மட்டும் தேடிக்கொண்டு போங்கள். 'டிட் நாட்' என்றால் தாள் முழுக்க 'டிட் நாட்' மட்டும். நேரம் மிஞ்சினால் இரண்டாவது தவறு. பிறகு, தாள் திருத்தப்பட்டுக் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடாதீர்கள். அன்று மாலையே நோட்டைத் திறந்து, தேதி போட்டு, புதிய சிவப்பு மையை முதல் பத்தியில் ஏற்றிவிடுங்கள்.